மங்கலான வட்டுகளில் விண்மீனாக்கம்: புறஊதா ஒன்று சொல்கிறது, ஹெச்-ஆல்ஃபா வேறொன்று சொல்கிறது

மங்கல்வட்டு:

தாழ் பரப்பொளிர்வு (பரப்பளவுக்கு மிகக் குறைந்த ஒளி தரும்) கேலக்ஸி வட்டில் விண்மீனாக்க வீதத்தை வளையம் வளையமாகக் கணக்கிட்டால் மூன்று வழியில் மூன்று விடை வருகிறது. பேச வசதியாக ஒரு மாதிரி வட்டை எடுத்துக்கொள்வோம். தொலைவு 45 மெகாபார்செக். சாய்வு 38 பாகை. நீலப் பட்டையில் மையப் பரப்பொளிர்வு சதுர ஆர்க்செகண்டுக்கு 23.4 மேக்னிட்யூட் (எண் கூடினால் ஒளி குறைவு). சுழற்சி வேகம் 90 கி.மீ./வி, வளைவு தட்டை. மையத்திலிருந்து 8 கிலோபார்செக்கில் உள்ள வளையத்தில், ஹீலியத்தையும் சேர்த்து, வாயுப் பரப்படர்த்தி சதுர பார்செக்குக்கு 5 சூரிய நிறை, விண்மீன்களுடையது 10.

கேலெக்ஸ் விண்தொலைநோக்கியின் தொலைப் புறஊதாப் படம் (100 விநாடி) அந்த வளையத்தில் 28.0 மேக்னிட்யூட் காட்டுகிறது. சாய்வுத் திருத்தம் செய்தாயிற்று. அதிலிருந்து கிடைக்கும் வீதம் சதுர கிலோபார்செக்குக்கு ஆண்டுக்கு 10⁻⁴ சூரிய நிறை. ஹெச்-ஆல்ஃபா (அயனியான ஹைட்ரஜன் வாயுவின் சிவப்புக் கோடு) அதில் கால் பங்குதான் தருகிறது, 2.5 × 10⁻⁵. வாயுப் பரப்படர்த்தியிலிருந்து வீதத்தைக் கணிக்கும் கெனிகட்–ஷ்மிட் விதியோ 2.4 × 10⁻³ இருக்க வேண்டும் என்கிறது. புறஊதாவைவிட 24 மடங்கு!

இரண்டு படங்களிலும் வானப் பின்னணியை சிக்மா வெட்டுக்கு (மிக விலகிய பிக்சல்களை நீக்குவதற்கு) பிந்தைய இடைநிலை மதிப்பாக (மீடியன்) எடுத்திருக்கிறது. புறஊதாவில் வளையத்தின் மொத்த எண்ணிக்கையைப் பரப்பால் வகுத்திருக்கிறது. ஹெச்-ஆல்ஃபாவில் முன்புல விண்மீன்களின் எச்சங்கள் தொல்லை தருவதால் வளையத்துக்கும் சிக்மா வெட்டி இடைநிலைதான்.

கேள்விகள்: 24 மடங்குப் பற்றாக்குறை உண்மையானதா? எந்த அளவீட்டை நம்புவது? வாயு தன் ஈர்ப்பால் கட்டிகளாக உடையுமா என்று காட்டும் டூம்ரே எண் 1.9 வருகிறது, ஒன்றுக்கு மேல், அதாவது வட்டு நிலையானது. அப்படியானால் அங்கே விண்மீன் எப்படித்தான் பிறக்கிறது?

---

கதிர்எண்ணி:

புறஊதாவிலிருந்து தொடங்குகிறேன். மற்றதையெல்லாம் நீங்கள் அதோடுதான் ஒப்பிடுகிறீர்கள்.

சூத்திரம் சரி. க்ரூபா நிறைப் பரவலுக்கு (பிறக்கும் விண்மீன்களில் எந்த நிறையில் எத்தனை என்பதற்கான ஒரு மாதிரி), வீதத்தின் மடக்கை = 7.21 − 0.4 × தொலைப் புறஊதாப் பரப்பொளிர்வு. சால்பீட்டர் பரவல் என்றால் 7.41. 28.0 போட்டால் 10⁻⁴ வரும். ஒரு மேக்னிட்யூட் மங்கினால் வீதம் இரண்டரை மடங்கு குறையும். பின்னணியில் விழும் சிறு பிழையும் அப்படியே விடையில் ஏறும்.

உங்கள் பிழை பின்னணியில்தான் இருக்கிறது. கேலெக்ஸ் தொலைப் புறஊதாவில் வானம் மிக இருட்டு. பின்னணி பிக்சலுக்கு விநாடிக்கு 2 × 10⁻⁴ எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 விநாடியில் அது பிக்சலுக்கு 0.02. நூறு பிக்சலில் தொண்ணூற்றெட்டில் ஒரு ஒளியன்கூட விழுந்திருக்காது. அங்கே இடைநிலை எடுத்தால் விடை பூஜ்யம். சிக்மா வெட்டினால் இன்னும் மோசம்: ஒளியன் விழுந்த அந்த இரண்டு பிக்சலையும் 'விலகல்' என்று தூக்கி எறிந்துவிடும். பின்னணியே இல்லை என்று கணக்கு முடியும்.

கழிக்காமல் விட்ட அந்தப் பின்னணி 28.95 மேக்னிட்யூட்டில் ஒரு போலித் தளமாகப் படம் முழுக்கப் பரவி நிற்கும். உங்கள் வளையம் சாய்வுத் திருத்தத்துக்கு முன் 27.74 இருந்திருக்கும். ஆக, அளந்த ஒளியில் மூன்றில் ஒரு பங்கு வானத்தினுடையது. இந்த வளையத்தில் அது 33 சதவீதம். 15 கிலோபார்செக்குக்கு அப்பால் போனால் எல்லாமே வானமாகத்தான் இருக்கும். 'மங்கலான வட்டு எல்லையே இல்லாமல் நீள்கிறது' என்ற முடிவைப் பார்க்கும்போதெல்லாம் பின்னணியை எப்படி எடுத்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது இது. செறிவுப் படத்தை (விநாடிக்கு எண்ணிக்கை) விட்டுவிட்டு எண்ணிக்கைப் படத்தையும் ஒப்பீட்டு ஏற்புப் படத்தையும் (பிக்சலுக்குப் பிக்சல் பயனுள்ள வெளிப்பாட்டு நேரம்) எடுங்கள். விண்மீன்களையும் பின்புல கேலக்ஸிகளையும் மறையுங்கள். மறைப்பதற்கான பட்டியலை அண்மைப் புறஊதாவில் தயாரியுங்கள், அங்கே எண்ணிக்கை அதிகம். அண்மைப் புறஊதாவில் பளிச்சென்று இருந்து தொலைப் புறஊதாவில் காணாமல் போகும் புள்ளிகள் பெரும்பாலும் நம் பால்வழியின் விண்மீன்கள். இரண்டிலும் நீலமாக, வட்டுக்குள் இருப்பவை உங்கள் கேலக்ஸியின் முடிச்சுகளாக இருக்கலாம், அவற்றை மறைத்துவிடாதீர்கள். பிறகு கேலக்ஸியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெரிய பெட்டிகள் போட்டு, ஒவ்வொன்றிலும் மொத்த எண்ணிக்கையைக் கூட்டி, மொத்த ஏற்பு நேரத்தால் வகுங்கள். சராசரி மட்டும்தான்; இடைநிலை வேண்டாம், வெட்டும் வேண்டாம். பெட்டிக்குப் பெட்டி உள்ள சிதறல் பாய்சான் பிழையைவிட (எண்ணிக்கையின் வர்க்கமூலம்) பெரிதாக இருந்தால் அங்கே தூசுப் படலமோ சாய்வான பின்னணியோ உண்டு.

பிழை எவ்வளவு வரும்? 8 கிலோபார்செக் என்பது வானத்தில் 37 ஆர்க்செகண்ட். ஒரு கிலோபார்செக் அகல வளையம் சுமார் 840 சதுர ஆர்க்செகண்ட் பிடிக்கும். சுழிப்புள்ளி (விநாடிக்கு ஒரு எண்ணிக்கை தரும் மேக்னிட்யூட்) 18.82. 100 விநாடியில் அங்கே மொத்தம் 22 அல்லது 23 எண்ணிக்கை, அதில் 7 பின்னணி. ஆகவே நிகர ஒளி 15 எண்ணிக்கைதான், அதன் பிழை ஏறத்தாழ 5. இதை வைத்துக்கொண்டு நுட்பமான முடிவு எதுவும் சொல்ல முடியாது. அதே வானப் பகுதிக்கு 1500 விநாடிப் படம் காப்பகத்தில் இருந்தால் அதையே எடுங்கள். எண்ணிக்கை 340ஐ எட்டும். பல படங்கள் இருந்தால் எண்ணிக்கைகளைக் கூட்டி, நேரங்களைக் கூட்டி, பிறகு வகுக்க வேண்டும். செறிவுப் படங்களின் நேரடிச் சராசரி 100 விநாடிப் படத்துக்கும் 1500 விநாடிப் படத்துக்கும் ஒரே எடை கொடுத்துவிடும்.

கேலெக்ஸின் தொலைப் புறஊதா உணரி 2009 மே மாதத்தோடு நின்றுவிட்டது. அதற்குப் பின் எடுத்த படங்களில் அண்மைப் புறஊதா மட்டும்தான். ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புறஊதாத் தொலைநோக்கி யூவிஐடி அந்தப் பகுதியைப் பார்த்திருந்தால் நல்லது. அதன் பிரிதிறன் 1.5 ஆர்க்செகண்டுக்கும் கீழ், கேலெக்ஸுக்கு 4.3. முடிச்சுகளைத் தனித்தனியாகப் பிரிக்க அது பெரிய உதவி. பரவிய ஒளிக்கு வெளிப்பாட்டு நேரம்தான் முக்கியம்.

இன்னும் இரண்டு திருத்தம். பால்வழியின் தூசு: நிறமிகை (தூசு ஒளியைச் சிவப்பாக்கும் அளவு) 0.05 என்றாலே தொலைப் புறஊதாவில் ஏறத்தாழ எட்டு மடங்கு, அதாவது 0.4 மேக்னிட்யூட் மங்கல். இதைச் செய்ததாக நீங்கள் எழுதவில்லை. அடுத்தது கேலக்ஸியின் சொந்தத் தூசு. இந்த வகை வட்டுகளில் உலோகச் செறிவு குறைவு, தூசும் குறைவு. 22 மைக்ரானில் வைஸ் அகச்சிவப்பு விண்தொலைநோக்கியின் படம் வெறும் மேல்வரம்பு மட்டுமே தந்தால் 0.3 மேக்னிட்யூட் என்று எடுத்து, அதே அளவைப் பிழையாகவும் குறியுங்கள். சாதாரணச் சுருள் கேலக்ஸிக்கான புறஊதாச் சரிவுச் சூத்திரத்தை (புறஊதா நிறத்திலிருந்து தூசைக் கணிப்பது) போட்டுவிடாதீர்கள். நிறத்தில் கொஞ்சம் இரைச்சல் இருந்தாலே அது ஒரு மேக்னிட்யூட் தூசைக் கற்பனை செய்துவிடும்.

மொத்தமாக: 10⁻⁴ஐ 0.67ஆல் பெருக்கி, முன்புலத் தூசுக்கு 1.45, உள்தூசுக்கு 1.3 போட்டால் 1.3 × 10⁻⁴. பிழைகள் ஒன்றையொன்று ஏறத்தாழ ஈடுகட்டியதால் பழைய எண்ணுக்கு அருகிலேயே வந்துவிட்டது. இந்த வளையத்தில் மட்டும்தான் அப்படி. வெளி வளையங்களில் ஈடுகட்டாது.

---

செம்முகில்:

ஹெச்-ஆல்ஃபா கால் பங்காகக் குறைந்ததற்கு முதல் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: சிக்மா வெட்டி இடைநிலை. மங்கலான வட்டில் ஹெச்-ஆல்ஃபா சீராகப் பரவி இருப்பதில்லை. பெரும்பகுதி சில அயனி முடிச்சுகளில் குவிந்திருக்கும், நடுவே வெறும் வெளி. இடைநிலை அந்த வெறும் வெளியைத்தான் அளக்கும்; வெட்டு முடிச்சுகளை நீக்கும். எதை அளக்கப் போனோமோ அதையே கழித்துவிடுகிறோம். விண்மீன் எச்சங்களைக் கையால் மறையுங்கள், பிறகு வளையம் முழுவதையும் கூட்டுங்கள்.

எவ்வளவு மங்கலான ஒளியைத் தேடுகிறோம் என்பதும் மனதில் இருக்க வேண்டும். 10⁻⁴ என்ற வீதத்துக்கு ஹெச்-ஆல்ஃபா பரப்பொளிர்வு, வளையச் சராசரியாக, சதுர ஆர்க்செகண்டுக்கு 3.7 × 10⁻¹⁸ எர்க்/வி/சதுர செ.மீ. ரேலி அலகில் 0.65. நம் பால்வழியின் பரவிய ஹெச்-ஆல்ஃபாவே உயர் அட்சங்களில் இதே அளவில் இருக்கிறது. 45 மெகாபார்செக்கில் உள்ள கேலக்ஸியின் கோடு 6630 ஆங்ஸ்ட்ராம் பக்கம் நகர்ந்துவிடுவதால் 80 ஆங்ஸ்ட்ராம் அகல வடிகட்டி பால்வழியைப் பெரும்பாலும் விலக்கும். ஆனால் வடிகட்டியின் ஓரத்தில் எவ்வளவு ஒளி கசிகிறது என்பதை அதன் ஊடுருவல் வளைவில் பார்த்துக்கொள்ளுங்கள். வேகமான ஒளியியலில், அதாவது குவியத் தகவு சிறியதாக இருக்கும்போது, வடிகட்டியின் மையம் நீலப் பக்கம் சில ஆங்ஸ்ட்ராம் நகரும்.

தொடரொளி (கோட்டைச் சேராத விண்மீன் ஒளி) கழித்தலில் இன்னொரு பொறி. தட்டைப்படத்தில் (பிக்சல்களின் உணர்திறன் வேறுபாட்டைச் சமன்செய்யும் படம்) ஒரு சதவீதப் பிழை இருந்தால் அது வானத்தின் ஒரு சதவீதம். வானம் சதுர ஆர்க்செகண்டுக்கு 21 மேக்னிட்யூட் என்றால் பிழை 26 மேக்னிட்யூட். உங்கள் வட்டின் வெளிப்பகுதி அதைவிட மங்கல். வானத்தைக்கொண்டே தட்டைப்படம் செய்யுங்கள். ஒவ்வொரு வெளிப்பாட்டுக்கும் தொலைநோக்கியை, வட்டின் அகலத்தைவிடக் கூடுதலாக, நகர்த்துங்கள். தொடரொளியின் அளவுக் காரணியை முன்புல விண்மீன்களை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அவை சிவப்பு, உங்கள் வட்டு நீலம். அகலப்பட்டை வடிகட்டி கோட்டுக்கு இருபுறமும் சமமாக இல்லாவிட்டால், சிவப்பு விண்மீனுக்குப் பொருந்தும் காரணி நீல வட்டில் அளவுக்கு மீறியோ குறைவாகவோ கழிக்கும்.

ஹெச்-ஆல்ஃபாவை ஒட்டி அதே வடிகட்டிக்குள் விழும் நைட்ரஜன் கோட்டுக்கு என்ன கழித்தீர்கள்? பெரிய சுருள் கேலக்ஸிகளுக்கான விகிதம் இங்கே பொருந்தாது. உலோகச் செறிவு சூரியனில் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஹெச்-ஆல்ஃபாவில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நைட்ரஜன் இருக்கும்.

'சில ஓ வகை (மிகப் பெரிய, மிக வெப்பமான) விண்மீன்கள்தானே இருக்கும், தற்செயல் ஏற்றத்தாழ்வுதான் காரணம்' என்று யாராவது சொல்வதற்கு முன் அதையும் கணக்குப் பார்த்துவிடலாம். 10⁻⁴ என்ற வீதத்தில் ஒரு சதுர கிலோபார்செக்குக்கு ஹெச்-ஆல்ஃபா ஒளி 1.9 × 10³⁷ எர்க்/வி. ஒரு ஓ7 விண்மீன் ஏறத்தாழ 6 × 10³⁶ தரும். ஆக சதுர கிலோபார்செக்குக்கு மூன்று ஓ7 விண்மீன்கள். பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டால் தற்செயல்தான் ஆளும், உண்மை. ஆனால் 8 கிலோபார்செக்கில் ஒரு கிலோபார்செக் அகல வளையத்தின் பரப்பு 50 சதுர கிலோபார்செக். 160 ஓ7 விண்மீன்கள். அவை கூட்டமாகப் பிறப்பதால் பதினைந்து இருபது கொத்துகள் என்று வைத்தாலும் ஏற்றத்தாழ்வு 25 சதவீதம்தான். நான்கு மடங்கு வித்தியாசம் அதிலிருந்து வராது.

---

வெண்குறுமீன்:

செம்முகில் சொன்னபடி கூட்டியும் விகிதம் ஒன்றுக்குக் கீழேயே நிற்கும் என்று நினைக்கிறேன். ஹெச்-ஆல்ஃபா–புறஊதா விகிதம் கேலக்ஸியின் பரப்பொளிர்வோடு சேர்ந்தே குறைகிறது என்று மியூரரும் குழுவினரும் 2009இல் காட்டினார்கள். வட்டு மங்கலாக மங்கலாகத் தொடக்க நிறைப் பரவலின் மேல்முனை வறண்டுபோகிறது என்பது அவர்கள் வாதம். சிறு கொத்துகளில் பெரிய விண்மீன் பிறக்க இடமே இல்லை என்ற க்ரூபா–வைட்னர் கருத்தும் இதோடு பொருந்துகிறது. தாழ் பரப்பொளிர்வு வட்டுகளில் இதைச் சேர்க்காமல் வீதம் சொல்வது சரியா?

---

செம்முகில்:

அந்தப் போக்கு இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் அதே போக்கை உண்டாக்கும் வேறு மூன்று காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, அயனியாக்கும் ஒளியன்கள் மெல்லிய வாயுவிலிருந்து தப்பிப் போவது, அல்லது கண்டுபிடிக்க முடியாத அளவுக்குப் பரந்து ஒளிர்வது. இரண்டு, விண்மீனாக்கம் விட்டு விட்டு நடப்பது. ஹெச்-ஆல்ஃபா கடைசி 5 முதல் 10 மில்லியன் ஆண்டைச் சொல்கிறது, தொலைப் புறஊதா 100 மில்லியன் ஆண்டின் கதையைச் சொல்கிறது. வெடிப்பு அடங்கிய பிறகு எடுத்த படத்தில் விகிதம் குறைந்துதான் இருக்கும். மூன்று, மேலே பேசிய கழித்தல் பிழைகள்.

வெடிப்பை மட்டும் காரணமாகக் காட்ட முடியாது, ஒரே நேரத்தில் எல்லா மங்கலான வட்டும் அடங்கியிருக்க வாய்ப்பில்லை. அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் ஒரே ஒரு கேலக்ஸியை வைத்து நிறைப் பரவலைத் தொடக்கூடாது. விகிதம் 0.5க்கு மேல் வந்தால் கசிவு ஒன்றே போதும். நிறைப் பரவலைக் கடைசிக் கருவியாக வைத்துக்கொள்வதே நல்லது. வீதம் என்று ஒரு எண் வேண்டுமென்றால் இந்த வட்டுகளில் புறஊதாவையே சொல்லுங்கள், ஹெச்-ஆல்ஃபாவைத் தனி வரியில் கொடுங்கள்.

---

இருபத்தொன்றுசெமீ:

24 மடங்குக்கு வருகிறேன். அதில் பாதிக்கு மேல் கணக்கு வழக்கில் வந்த குழப்பம்.

கெனிகட்டின் 1998 விதியில் உள்ள 2.5 × 10⁻⁴ என்ற கெழு சால்பீட்டர் பரவலுக்கானது. உங்கள் புறஊதா வீதம் க்ரூபா. கெழுவை 1.59ஆல் வகுக்க வேண்டும். அடுத்து, அந்த விதியில் வாயு என்பது ஹைட்ரஜன் மட்டும், ஹீலியத்துக்கான 1.36 அதில் கிடையாது. உங்கள் 5ஐ 1.36ஆல் வகுத்தால் 3.7. அதன் 1.4ஆம் அடுக்கு 6.2. பெருக்கி வகுத்தால் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 10⁻³. கதிர்எண்ணி தந்த 1.3 × 10⁻⁴ஓடு ஒப்பிட்டால் பற்றாக்குறை எட்டு மடங்கு.

இந்த எட்டு மடங்கு உண்மையானது. வைடரும் குழுவினரும் 2009இல் 19 தாழ் பரப்பொளிர்வு கேலக்ஸிகளை கேலெக்ஸில் அளந்து, அவை விதியின் நீட்சிக்குக் கீழே விழுவதைக் காட்டினார்கள். உங்கள் வளையத்தில் வாயு தீரும் காலத்தைப் பாருங்கள்: சதுர கிலோபார்செக்குக்கு 5 × 10⁶ சூரிய நிறையை 1.3 × 10⁻⁴ஆல் வகுத்தால் 3800 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இந்த வட்டுகள் ஏன் இன்னும் வாயு நிறைந்தே இருக்கின்றன என்பதற்கு விடை இந்த ஒரு எண்ணிலேயே இருக்கிறது.

ஆனால் 1.4 அடுக்கு விதி முழு வட்டின் சராசரிக்குப் பொருத்திய ஒன்று. அதை ஒரு தனி வளையத்துக்கு, அதுவும் 10 சூரிய நிறைக்குக் கீழே, நீட்டிப் பார்ப்பதே தவறான எதிர்பார்ப்பு. பிகீல் குழுவினரின் 2008 ஆய்வு காட்டியபடி, அணு ஹைட்ரஜன் சதுர பார்செக்குக்கு 9 சூரிய நிறை அளவில் நிரம்பிவிடுகிறது; அதற்கு மேல் உள்ளது மூலக்கூறாகிறது. மூலக்கூறு வாயு 200 கோடி ஆண்டில் தீரும் வேகத்தில் விண்மீனாகிறது. 9க்குக் கீழே மொத்த வாயுவுக்கும் வீதத்துக்கும் நேரடிப் பிடிப்பு தளர்ந்துவிடுகிறது. ஆகவே 'வாயு எவ்வளவு' என்று கேட்பதைவிட 'அதில் மூலக்கூறு எவ்வளவு' என்று கேட்க வேண்டும்.

அதை முடிவு செய்வது பெரிய அளவில் நடுத்தள அழுத்தம். வாயுவை வட்டின் நடுத்தளத்தில் அமுக்கிப் பிடிப்பது அங்கே உள்ள விண்மீன்களின் ஈர்ப்பு. தாழ் பரப்பொளிர்வு வட்டில் அந்த விண்மீன்களே குறைவு. பிளிட்ஸ்–ரோசொலோவ்ஸ்கி முறையில் கணக்கு: 272 × வாயுப் பரப்படர்த்தி × விண்மீன் பரப்படர்த்தியின் வர்க்கமூலம் × வேகச் சிதறல் ÷ விண்மீன் வட்டுத் தடிமன் அளவின் வர்க்கமூலம். 5, 10, 8 கி.மீ./வி, 300 பார்செக் என்று போட்டால் கன செ.மீ.க்கு 2000 கெல்வின். இந்த அலகில் பாதி வாயு மூலக்கூறாக மாறும் அழுத்தம் 43,000. விகிதத்தின் 0.92ஆம் அடுக்கு 0.06. அதாவது அணு வாயுவில் ஆறு சதவீதம்தான் மூலக்கூறு, சதுர பார்செக்குக்கு 0.3 சூரிய நிறை. அதை 200 கோடி ஆண்டால் வகுத்தால் 1.4 × 10⁻⁴.

புறஊதா சொன்னது 1.3 × 10⁻⁴. இவ்வளவு நெருக்கம் தற்செயல்தான். வாயுவின் சொந்த ஈர்ப்பையும் சேர்த்தால் அழுத்தம் 2800 ஆகி, வீதம் 2 × 10⁻⁴ஐத் தொடும். விண்மீன் வட்டு 300க்குப் பதில் 600 பார்செக் தடிமன் என்றால் குறையும். ஆனாலும் ஒன்றரை இரண்டு மடங்குக்குள் விடை வருகிறது, எந்தப் புதிய இயற்பியலையும் கொண்டுவராமலேயே. என் பார்வையில் விஷயம் இதுதான்: மூலக்கூறு வாயு கிடைத்துவிட்டால் இந்த வட்டுகளும் மற்றவற்றைப் போலவேதான் விண்மீன் ஆக்குகின்றன. திறமைக் குறைவு விண்மீனாக்கத்தில் இல்லை, அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. முன்பு விண்மீன் குறைவாகப் பிறந்ததால் இப்போது அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைவானதால் இப்போதும் குறைவாகப் பிறக்கிறது. உலோகமும் தூசும் குறைவாக இருப்பது இதை இன்னும் தாமதப்படுத்தும், ஹைட்ரஜன் மூலக்கூறு சேர்வது தூசுப் பரப்பில்தானே.

டூம்ரே எண்ணுக்கு வேகச் சிதறல் 8 போட்டிருக்கிறீர்கள். 1.9 வருவது சரி. 4 கி.மீ./வி குளிர் நிலைக்கு அதே சூத்திரம் 0.94 தரும். கெனிகட்டின் எல்லை அடர்த்தியை (அதைத் தாண்டினால் வாயு நிலையற்றது) 6 கி.மீ./வியில் கணக்கிட்டால் 4.4 சூரிய நிறை, உங்கள் 5 எல்லையைத் தாண்டிவிட்டது, 8இல் 5.9, தாண்டவில்லை. ஒரே வளையம், ஒரே தரவு, இரண்டு தீர்ப்பு. இந்த எண்ணை மட்டும் வைத்து 'விண்மீன் பிறக்க முடியாது' என்று சொல்லக்கூடாது. மேலும் அணு ஹைட்ரஜனின் 21 செ.மீ. ரேடியோக் கோட்டை அளக்கும் கற்றை (தொலைநோக்கி ஒரே புள்ளியாகப் பார்க்கும் பரப்பு) 20 ஆர்க்செகண்ட் என்றால், அது உங்கள் தொலைவில் 4.4 கிலோபார்செக். அதற்குள் வாயு கட்டி கட்டியாக இருக்கும். சராசரி 5 என்றால் கட்டிகளில் 10, 12 இருப்பது சாதாரணம். புறஊதா முடிச்சுகள் அங்கேதான் இருக்கும். சராசரியில் நிலையான வட்டு, இடத்துக்கு இடம் நிலையற்றது. சுழற்சி வளைவு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் உள்பகுதியில் சறுக்குவிசை குறைவாக இருப்பதால் அங்கே கட்டிகள் கிழிபடாமல் வளரவும் வழியுண்டு.

கற்றை விஷயத்தில் ஒரு நடைமுறை எச்சரிக்கை: புறஊதாப் படத்தை 21 செ.மீ. கற்றைக்கு மங்கலாக்கிய பிறகே இரண்டையும் ஒரு வரைபடத்தில் போட வேண்டும். பரப்படர்த்தியை எடுக்க, பாய்வை ஜான்ஸ்கி கி.மீ./வியில் வைத்து 8800ஆல் பெருக்கி, கற்றையின் இரு அகலங்களின் பெருக்கல் பலனால் வகுங்கள். அதற்குப் பிறகு சாய்வின் கொசைனால் ஒரு முறை, 1.36ஆல் ஒரு முறை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. கொசைனை இரண்டு முறை பெருக்கிய அட்டவணைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தொகுப்பளவியில் (பல ஆன்டெனாக்களை இணைத்த ரேடியோத் தொலைநோக்கி) குறுந்தொலைவு அடிக்கோடுகள் (நெருங்கிய ஆன்டெனா இணைகள்) இல்லாவிட்டால் பரவிய வாயு காணாமல் போகும். ஒற்றைத் தட்டின் மொத்தப் பாய்வோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் வெளி வளையங்களை நம்ப வேண்டாம்.

---

மங்கல்வட்டு:

எட்டு மடங்கு எங்கிருந்து வருகிறது என்பது இப்போது தெளிவு. இரண்டு கேள்வி மிச்சம். அந்த 0.3 சூரிய நிறை மூலக்கூறு வாயுவை, அதன் அடையாளமாக அளக்கும் கார்பன் மோனாக்சைடு கோட்டில் நேரடியாகப் பிடிக்க முடியுமா? மாலின் 1 போன்ற ராட்சத வட்டுக்கும் இதே அழுத்தக் கணக்கு பொருந்துமா?

---

இருபத்தொன்றுசெமீ:

வளையச் சராசரியாகப் பிடிப்பது கடினம். கோட்டின் ஒளியை வாயு நிறையாக மாற்றும், பால்வழிக்கான மாற்றுக் காரணி 4.35ஐ வைத்தால் 0.3 சூரிய நிறை என்பது 0.07 கெல்வின் கி.மீ./வி. 15 கி.மீ./வி அகலக் கோட்டுக்கு உச்சம் 5 மில்லிகெல்வினுக்கும் கீழ். உலோகச் செறிவு மூன்றில் ஒரு பங்கு என்றால் காரணி பல மடங்கு ஏறும், ஒளி அதே அளவு இறங்கும். கோடு தெரியவில்லை என்பதால் மூலக்கூறே இல்லை என்று எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். கற்றையைக் கேலக்ஸியின் மையத்தில் வைக்கும் வழக்கத்தை விட்டு, புறஊதாவில் பளிச்சென்ற முடிச்சும் 21 செ.மீ. உச்சமும் ஒன்றுசேரும் இடத்தில் வையுங்கள். கற்றை சிறியதாக இருக்கட்டும்; பெரிய கற்றை 0.3ஐத்தான் பார்க்கும், சிறிய கற்றை கட்டியைப் பார்க்கும்.

மாலின் 1இல் இந்தத் தேடல் முப்பது ஆண்டுக்கு மேல் நீண்டது. 1980களில் கண்டுபிடித்த கேலக்ஸியில் மூலக்கூறு வாயுவின் கோட்டை ஆல்மா ரேடியோத் தொலைநோக்கி வழியாக அறிவித்தது 2024இல்தான், அதுவும் உறுதியாகக் கிடைத்தது மையப் பகுதியில். மாலின் 2 முந்திக்கொண்டது. அதில் 2010இலேயே கண்டார்கள்.

அழுத்தக் கணக்கு மாலின் 1இன் வெளி வட்டுக்குப் பொருந்தும், மையத்துக்குப் பொருந்தாது. ஹப்பிள் படத்தில் அதன் மையம் பட்டையுள்ள சாதாரணச் சுருள் கேலக்ஸி போலவே இருக்கிறது; ராட்சத மங்கல் வட்டு அதற்கு வெளியே தொடங்குகிறது. இரண்டையும் ஒரே அடுக்குக்குறி வளைவில் பொருத்தினால் இரண்டுமே கெட்டுவிடும். வெளி வட்டில் விண்மீன் பரப்படர்த்தி மிகக் குறைவு, அங்கே வாயுவின் சொந்த ஈர்ப்பும் கரும்பொருள் ஹேலோவின் ஈர்ப்பும்தான் அழுத்தத்தைத் தருகின்றன. 272 சூத்திரத்தை அங்கே அப்படியே போடாதீர்கள்.

---

கதிர்எண்ணி:

ராட்சத வட்டுக்குப் புறஊதாப் பக்கம் சில சேர்க்கைகள். மாலின் 1இன் செம்பெயர்ச்சி 0.083. பரப்பொளிர்வு மங்கல் அங்கே புறக்கணிக்கக்கூடியதல்ல. அலைவெண் அலகில் ஒன்றும் செம்பெயர்ச்சியும் கூடிய எண்ணின் மூன்றாம் அடுக்கு, 0.26 மேக்னிட்யூட். 7.21 சூத்திரத்தில் போடுவதற்கு முன் இதைத் திருத்துங்கள். மையக் குமிழியின் புறஊதா ஒளியில் முதிய வெப்ப விண்மீன்களின் பங்கும், கருவில் செயல்படும் கருந்துளை இருந்தால் அதன் பங்கும் சேர்ந்திருக்கும். உள் வளையங்களை வீதக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கடைசியாக, வானத்தில் பெரிய பரப்பை அடைக்கும் எந்த வட்டுக்கும் பால்வழியின் தூசுப் படலத்தைச் சோதியுங்கள். அது விண்மீன் ஒளியைச் சிதறடித்துக் கண்ணுறு ஒளியிலும் தொலைப் புறஊதாவிலும் சுருள் கை போலவே தெரியும். 100 மைக்ரான் படத்தையோ பிளாங்க் செயற்கைக்கோளின் 857 கிகாஹெர்ட்ஸ் படத்தையோ அதே அளவில் பக்கத்தில் வையுங்கள். 'சுருள் கை' அங்கேயும் தொடர்ந்து, கேலக்ஸியைத் தாண்டியும் நீண்டால் அது நம் வீட்டுத் தூசு. 21 செ.மீ. கனசதுரத்தில் (இடத்தையும் வேகத்தையும் சேர்த்துக் காட்டும் தரவு) கேலக்ஸியின் வேகத்தில் அதே இடத்தில் வாயு இருந்தால் மட்டும் அந்தக் கையைக் கணக்கில் சேர்க்கலாம்.